காந்தக் களிமண் வினையூக்கி: நிறம் போனது, சாயம் போனதா?

கேள்வி இதுதான். வியாசர்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். பெண்டோனைட் களிமண்மேல் மேக்னடைட் என்ற காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடைப் படியவைத்துத் தூள் தயாரித்தாகிவிட்டது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் கரைத்த தண்ணீரில், லிட்டருக்கு 1 கிராம் தூளும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டால் இருபது நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது. பி.எச். எதுவும் மாற்றவில்லை. காந்தம் வைத்தால் தூள் ஓரமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படி மீட்ட தூளையே திரும்பத் திரும்பப் புதுச் சாயத் தண்ணீரில் போட்டால் முதல் இரண்டு முறை பிரமாதம்; மூன்றாவது முறை தடுமாற்றம்; நான்காவதில் பாதி நிறம்கூடப் போகவில்லை. அதே தூளைத் தண்டையார்பேட்டையில் மாமா நடத்தும் சாயப்பட்டறைத் தண்ணீரில் போட்டால் முதல் முறையே அசைவில்லை. வினையூக்கி செத்துவிட்டதா? எப்படி உயிர்ப்பிப்பது?

சாகவில்லை. நீங்கள் சொல்லும் நிலவரத்தை வைத்துப் பார்த்தால் அது இன்னும் வேலையே தொடங்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மெத்திலீன் நீலம் நேர் மின்னேற்றம் கொண்ட சாயம். பெண்டோனைட்டின் தகடுகள் எதிர் மின்னேற்றம் கொண்டவை. நல்ல பெண்டோனைட் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிஈக்விவலென்ட் (ஒற்றை மின்னேற்ற அயனிக்கு அதுவே மில்லிமோல்) வரை நேர் அயனிகளைப் பிடித்து வைக்கும். கிராமுக்கு ஒரு மில்லிமோல் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சாயத்தின் மூலக்கூறு எடை 320 என்பதால், ஒரு கிராம் களிமண் 320 மில்லிகிராம் சாயத்தை விழுங்கும். உங்கள் தூளில் மூன்றில் இரண்டு பங்கு களிமண் என்றால், லிட்டரில் போட்ட 1 கிராம் தூளுக்குக் கொள்ளளவு சுமார் 210 மில்லிகிராம். முறைக்கு 50 என்று ஊற்றினால் நாலு தடவையில் நிரம்பிவிடும். சில இடங்களை ஏற்கெனவே இரும்பு அயனிகள் பிடித்திருக்கும், அதனால் மூன்றாவதிலேயே திணறும். உங்கள் முடிவு அப்படியே இந்தக் கணக்கில் உட்கார்கிறது. வார்ப்படப் பட்டறைகளில் மணலில் இன்னும் வேலை செய்யும் களிமண் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் செய்கிற மெத்திலீன் புளூ டெஸ்ட் இதே வேலைதான். நீங்கள் அளந்தது களிமண்ணின் வயிற்றை. வினையூக்கியின் ஆயுளை அல்ல.

பட்டறைத் தண்ணீரில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருக்கும். அவை எதிர் மின்னேற்றம். களிமண் அவற்றைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. உறிஞ்சுதல் என்ற ஊன்றுகோல் போனதும், வேதிவினை நடக்கவே இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அது நடக்காததற்குக் காரணம் பி.எச்.

1894இல் ஃபென்டன் எழுதிய வினைதான் இங்கே ஆதாரம்: ஃபெர்ரஸ் இரும்பு (இரு மின்னேற்றம் கொண்டது) பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மூர்க்கமான துணுக்கை உண்டாக்குகிறது, அது சாயத்தைக் கடித்துக் குதறுகிறது. இந்தப் பாதி வேகமானது. ஆனால் இப்படி ஓர் எலக்ட்ரானை இழந்து ஃெபர்ரிக் (மும்மின்னேற்றம்) ஆகிப்போன இரும்பு மறுபடி ஃபெர்ரஸ் ஆகும் பாதி ஆயிரக்கணக்கான மடங்கு மந்தம். மொத்த வேகத்தை அந்த மந்தப் பாதிதான் தீர்மானிக்கும். பி.எச். 3 பக்கத்தில் இரும்பு நீரில் கரைந்த வடிவில் இருக்கும். 5ஐத் தாண்டினால் மேற்பரப்பு ஹைட்ராக்சைடாக மூடிக்கொள்ளும், பெராக்சைடு ராடிக்கல் தராமல் வெறும் ஆக்சிஜனாகக் குமிழிவிட்டுப் போகும். பீக்கரில் குமிழி வந்தால் வினை நடக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். நடுநிலை பி.எச்.சிலேயே வேலை செய்கிறது என்று எழுதப்படுவனவற்றில் கணிசமானவை, மெத்திலீன் நீலம் கதையாகத்தான் முடியும்.

இனி தூளை ஒழுங்காகச் செய்வது. 10 கிராம் களிமண்ணில் 5 கிராம் மேக்னடைட் என்ற அளவுக்குக் கணக்குத் தருகிறேன்.

பைலிங் (அஸ்திவாரத் துளை போடும்) வேலைக்கு விற்கும் மூட்டைப் பெண்டோனைட்டை வாங்கினால், அது பெரும்பாலும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) சேர்த்து ஆக்டிவேட் செய்த சரக்கு. சிலவற்றில் பாலிமரும் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது. கார்பனேட் அந்த ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்னும். 20 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் மணல் அடியில் நிற்கும். மேலே உள்ள குழம்பை மட்டும் எடுத்து, நீர்த்த அமிலத்தால் பி.எச். 5 வரை கொண்டுவந்து, கழுவிக் காயவையுங்கள். தண்ணீர் கேன் தண்ணீராகவோ டிஸ்டில்டாகவோ இருக்கட்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை போர் தண்ணீரின் உப்பில் களிமண் திரிந்து கட்டிபிடிக்கும், கடைசியில் குளோரைடையும் கழுவி முடியாது.

சுத்தம் செய்த களிமண் 10 கிராமை 400 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். இதைவிடக் கெட்டியாகப் போட்டால் கூழாகி, கிளறவே வராது. தண்ணீரை முதலில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டிருந்தால் கரைந்த ஆக்சிஜன் பெரும்பாலும் போயிருக்கும். நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் அரை மணி நேரம் செலுத்துங்கள். தனியே 100 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, அதில் ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 11.7 கிராம், ஃபெர்ரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 6.4 கிராம் கரையுங்கள். கணக்குப்படி ஃபெர்ரஸ் 6.0 கிராம் போதும், அந்த 0.4 காற்றுக்குக் கொடுக்கும் வரி. ஃபெர்ரஸ் சல்ஃபேட் என்பது அன்னபேதிதான், ஆனால் நாட்டு மருந்துக் கடை அன்னபேதி வேண்டாம். பச்சைப் படிகத்தின்மேல் மஞ்சள் பொடி பூத்திருந்தால் அது பாதி ஃபெர்ரிக் ஆகிவிட்டது, பாட்டிலை மாற்றுங்கள். நயினியப்ப நாயக்கன் தெருவில் லேப் கிரேடு கேட்டு, சீல் உடையாத பாட்டிலாக வாங்குவது நல்லது.

இரும்புக் கரைசலைக் களிமண்ணில் ஊற்றியதும் குழம்பு திரிதிரியாகும். பயப்பட வேண்டாம், மும்மின்னேற்ற அயனி பட்டால் களிமண் அப்படித்தான் செய்யும். 70 டிகிரியில் அரை மணி நேரம் கிளறுங்கள். மேக்னெட்டிக் ஸ்டிரரில் மட்டும் கிளறாதீர்கள். பிறக்கிற மேக்னடைட் எல்லாம் அந்த வெள்ளைக் குச்சியில் போய் அப்பிக்கொள்ளும். களிமண் தனி, காந்தம் தனி என்று ஆகிவிடும். மேலிருந்து இறங்கும் கண்ணாடித் தண்டு ஸ்டிரர்தான் சரி. பின்னால் சாயச் சோதனை செய்யும்போதும் இதே விதி. அங்கே குச்சியைப் போட்டால் வினையூக்கி முழுக்க குச்சியில்தான் இருக்கும், தண்ணீரில் இருக்காது.

அடுத்து 2 மோலார் காஸ்டிக் சோடா, சொட்டுச் சொட்டாக. சுமார் 95 மி.லி. வரை வினைக்கே செலவாகும். 105, 110 மி.லி. ஆகும்போது பி.எச். 10ஐத் தாண்டும். ஆரஞ்சுப் பழுப்பாக இருந்த குழம்பு கரும்பச்சை வழியாகக் கறுப்பாகத் திரும்ப வேண்டும். காப்பிப்பொடி நிறத்திலேயே நின்றுவிட்டால் ஃபெர்ரஸ் போதவில்லை. அந்தத் தொகுதியைக் காப்பாற்ற முயல வேண்டாம், மறுபடி செய்யுங்கள். கறுத்த பிறகு 75 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள்.

இப்போது பீக்கருக்கு அடியில் நியோடிமியம் காந்தத்தை வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கறுப்பு கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலான சாம்பல் நீரைப் பாருங்கள்: அது மேக்னடைட் ஒட்டாத வெறும் களிமண். அதை இந்த முதல் கழுவலிலேயே இரக்கமில்லாமல் ஊற்றிவிடுங்கள். வைத்துக்கொண்டால் சுற்றுக்குச் சுற்று எடை குறைவதற்கு அதுதான் காரணமாகும், நீங்கள் வினையூக்கிமேல் பழிபோடுவீர்கள். நாலைந்து தடவை கழுவி, கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட்டும் (குளோரைடுக்கு) பேரியம் குளோரைடும் (சல்ஃபேட்டுக்கு) தனித்தனியே வெண்மை காட்டாமல் போகும் வரை தொடருங்கள். கடைசியில் ஒருமுறை எத்தனால். 60 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, இடித்து, 100 மெஷ் சல்லடையில் சலியுங்கள். வெளியே ஊற்றிய களிமண் போக 13 முதல் 15 கிராம் வரை தேறும். அதற்கு மேல் வந்தால் ஈரமோ உப்போ இருக்கிறது. அவசரப்பட்டு ஓவனில் அதிகச் சூடு வைத்தால் தூள் பழுக்கத் தொடங்கும். பழுப்பு என்பது மேகெமைட், அதையும் காந்தம் இழுக்கும். ஆனால் ஃபெர்ரஸ் போயிருக்கும். செங்கல் சிவப்பு வந்தால் ஹெமடைட், அதோடு முடிந்தது. எக்ஸ்.ஆர்.டி. (படிகத்தை அடையாளம் காணும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுத்தால் 35.5 டிகிரிக் கோடு மேக்னடைட்டுக்கும் மேகெமைட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். அதை மட்டும் காட்டி மேக்னடைட் என்று எழுதிவிடாதீர்கள். 33.2இல் கோடு முளைத்தால் ஹெமடைட் கலந்திருக்கிறது.

சோதனைக்குச் சாயத்தை மாற்றுங்கள். ஆசிட் ஆரஞ்சு 7, அல்லது பட்டறைக்கு நெருக்கமாக வேண்டுமானால் ரியாக்டிவ் பிளாக் 5. இரண்டும் எதிர் மின்னேற்றம், களிமண் காப்பாற்றாது. முதலாவதை 485 நானோமீட்டரிலும் இரண்டாவதை 597இலும் அளக்கலாம். 200 மி.லி., லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம், நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச். 3, தூள் 0.2 கிராம். முதலில் பெராக்சைடு இல்லாமல் ஒரு மணி நேரம் கலக்கி, எவ்வளவு நிறம் குறைகிறது என்று பாருங்கள். அதுதான் உறிஞ்சுதல், அந்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். பிறகு 30 சதவீத பெராக்சைடு 0.2 மி.லி.; இது 10 மில்லிமோலார். பெராக்சைடு நிறையப் போட்டால் வேகம் கூடும் என்பது ஓர் அளவு வரைதான். அதற்குமேல் அது தானே ராடிக்கலைத் தின்னத் தொடங்கும். சென்னை வெயிலில் நின்ற பாட்டிலின் லேபிளை நம்பக்கூடாது. பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்துவிடுங்கள்: 0.1 நார்மல் கரைசல் 1 மி.லி.க்கு 1.7 மில்லிகிராம் பெராக்சைடு.

கூடவே இரண்டு வெற்றுச் சோதனைகள் கட்டாயம். ஒன்று பெராக்சைடு மட்டும், தூள் இல்லாமல். இன்னொன்றுதான் முக்கியமானது, பெரும்பாலானோர் தவிர்ப்பது: வினை பாதி நடக்கும்போது காந்தத்தால் தூளை முழுக்க எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை வடிகட்டித் தொடர்ந்து கவனியுங்கள். நிறம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால், வேலை செய்வது தூள் அல்ல, அதிலிருந்து கரைந்த இரும்பு. பி.எச். 3இல் மேக்னடைட் கரையத்தான் செய்யும். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கரைந்தாலே சாதாரண ஃபென்டன் நடந்துவிடும். கரைந்த இரும்பை, ஃபெர்ரஸோடு சேர்ந்து சிவக்கும் ஃபினாந்த்ரோலின் போட்டு 510 நானோமீட்டரில் அளங்கள். முதலில் ஹைட்ராக்சிலமைன் சேர்த்து எல்லாவற்றையும் ஃபெர்ரஸ் ஆக்கிவிட்டு. லிட்டருக்கு 1 கிராம் தூளில் இரும்பு சுமார் 240 மில்லிகிராம். வெளியேற்றும் நீரில் இரும்புக்கு வரம்பு 3 மில்லிகிராம், அதாவது சுற்றுக்கு ஒன்றேகால் சதவீதம் கரைந்தாலே வரம்பைத் தொட்டுவிடும்.

மறுபயன்பாட்டு எண்கள் கெடுவதற்குப் பாதிக் காரணம் வேதியியலே அல்ல, கைவேலை. 200 மி.லி. பீக்கரிலிருந்து 5 மி.லி. வீதம் ஆறு முறை கலங்கலோடு எடுத்தால் 30 மி.லி.; தூளில் 15 சதவீதம் ஒரே சுற்றில் குவெட் (நிறம் அளக்கும் சின்னக் குப்பி) வழியாகப் போய்விட்டது. எடுத்த மாதிரியிலிருந்து தூளைச் சின்னக் காந்தத்தால் பிடித்துப் பீக்கரில் திருப்பிப் போடுங்கள், அல்லது சுற்றுக்கு ஒரே ஒரு கடைசி மாதிரி மட்டும் எடுங்கள். சுற்றுக்குச் சுற்று உலர்த்தி எடை போடுவதும் வேண்டாம். கட்டிபிடிக்கும், டிஷ்யூவில் ஒட்டும். ஈரமாகவே அதே பீக்கரில் அடுத்த சாயத்தை ஊற்றுங்கள், கடைசிச் சுற்றுக்குப் பிறகு ஒரே முறை உலர்த்தி எடை பாருங்கள். சுற்றுக்கு 5 சதவீதம் தூள் போனால்கூட ஐந்தாவது முடிவில் 77 சதவீதம்தான் கையில் இருக்கும். அந்த இழப்பைக் கழித்துவிட்டுப் பிறகு வேகம் குறைந்ததா என்று பேசுங்கள்.

அதற்கு அப்பாலும் வேகம் குறைந்தால், பெரும்பாலும் சாயத்தின் உடைசல்கள் மேற்பரப்பில் படிந்திருக்கும். சாயமில்லாத பி.எச். 3 தண்ணீரில் அதே 10 மில்லிமோலார் பெராக்சைடோடு அரை மணி நேரம் கலக்கினால் ஓரளவு எரிந்து போகும். எத்தனால் கழுவலும் உதவும். ஃபெர்ரஸ் தீர்ந்துபோனது காரணமானால் வெயில் நல்ல மருந்து: வெளிச்சம் ஃபெர்ரிக்கைத் திரும்ப ஃபெர்ரஸ் ஆக்கும், மொட்டை மாடியில் கண்ணாடித் தட்டில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஆஸ்கார்பிக் அமிலம் போட்டு வேகம் கூட்டுகிறவர்களும் உண்டு. வேகம் கூடும்தான், சி.ஓ.டி.யும் (நீரில் உள்ள கரிமப் பொருளை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) இரும்பு கரைவதும் சேர்ந்து கூடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நிறம் போனபின் சி.ஓ.டி. பாருங்கள். சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்தாலே நிறம் போய்விடும். பென்சீன் வளையங்கள் அப்படியே நிற்கும், அமீன்களாக. சி.ஓ.டி. எடுக்கும் முன் மிச்சப் பெராக்சைடை ஒழிக்க வேண்டும், ஏனெனில் அதன் ஒவ்வொரு மில்லிகிராமும் 0.47 மில்லிகிராம் பொய் சி.ஓ.டி. காட்டும். பி.எச்.சை 9க்கு ஏற்றிச் சூடாக்கலாம், அல்லது பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி ஒரு துளி. பெராக்சைடு சோதனைத் தாள் பட்டையில் நிறம் வராத பிறகுதான் டைஜஸ்ஷன், அதாவது சி.ஓ.டி.க்கான சூடாக்கல்.

இனி மாமாவின் பட்டறை. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுக்க வந்தவர்களால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் சாயத்தண்ணீர்ப் பிரச்சினை புதிதல்ல, ஆனால் உங்கள் பீக்கர் அளவு அங்கே நேராகப் பெருகாது. 1,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷ் இருக்கிறது என்று வையுங்கள். பி.எச். 3க்கு இறக்கவே சுமார் 1.9 கிலோ கந்தக அமிலம் வேண்டும். வேகமாக ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துத் தொட்டி வழியும். போன கார்பனேட்டுக்குப் பதில் சோடியம் சல்ஃபேட் வந்து உட்கார்வதால் அந்த 2 கிராம் உப்பு 2.7 கிராமாக ஏறும். சி.ஓ.டி. லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்றால் முழுசாக எரிக்கக் கணக்குப்படி 1.7 கிலோ தூய பெராக்சைடு, அதாவது பட்டறைக்காரர்கள் வெளுப்புக்கு வாங்கும் 50 சதவீதச் சரக்கில் 3.4 கிலோ. தூள் ஒரு கிலோ. சாயத்தொட்டியில் போட்ட உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்ஃபேட்) ஒரு கிராம்கூடக் குறையாது. ஜவுளிக் கழிவுநீருக்கு வரம்பு சி.ஓ.டி. 250, நிறம் 150 அலகு, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 2,100. முதல் இரண்டுக்கு உங்கள் தூள் உதவலாம், மூன்றாவதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி. திருப்பூரில் 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது கழுத்தை நெரித்த விஷயமும் உப்புத்தான். அதனால் எல்லாத் தண்ணீரையும் ஒன்றாகக் கலக்காமல், உப்பு குறைந்த, நிறம் மட்டும் மிச்சமிருக்கும் பின் அலசல் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்து அதில் இதைச் செய்து பாருங்கள். அமிலமும் பெராக்சைடும் பல மடங்கு குறையும்.

50 சதவீத பெராக்சைடு தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும். முகத்தை மூடும் ஷீல்டு, நைட்ரைல் கையுறை வேண்டும். காய்ந்த தூள்மேல் அதை நேரடியாக ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். காற்றுத் துளை இல்லாத கேனில் தூள் பட்ட பெராக்சைடை அடைத்து வைத்தாலும் கேன் வெடிக்கும்.

பெரிய தொட்டியில் காந்தம் ஏமாற்றும். தூரம் கூடக் கூட இழுவை சட்டென்று விழுந்துவிடும். பீக்கரில் ஐந்து சென்டிமீட்டர் சரி, டிரம்மில் நடுவில் இருக்கும் தூளுக்குக் காந்தம் இருப்பதே தெரியாது. தூளைக் காந்தத்திடம் கொண்டுவர வேண்டும். அரை மணி நேரம் படியவிட்டு மேல்நீரை இறக்கி, அந்த நீரை 430 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் அடைத்த இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் வழியே மெதுவாக விடுங்கள், குழாயின் வெளியே இருபுறமும் காந்தக் கட்டைகள். நாரில் தூள் பிடித்துக்கொள்ளும். காந்தத்தை விலக்கித் திருப்பித் தண்ணீர் விட்டால் கழன்று வரும். 304 ரகத்தைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, வாங்கும்போதே ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் சாதா இரும்பு நாரைப் போட்டால் பி.எச். 3இல் அதுவே கரைந்து, உங்கள் இரும்புக் கணக்கு முழுக்க நாசமாகும்.

வெளியே விடும் முன் சுண்ணாம்பால் பி.எச்.சை 7.5க்கு ஏற்றுங்கள், கரைந்த இரும்பு செம்பழுப்புக் கசடாக விழும். கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கும். ஓய்ந்துபோன தூளையும் அந்தக் கசடையும் ஓட்டேரி நல்லாவிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ கொட்டாமல் ஒரு டிரம்மில் உலர்த்திச் சேர்த்து வையுங்கள். அபாயக் கழிவுக்கான நிலக்கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருந்தால் அந்த வழியிலேயே அனுப்பலாம்.